அவசர பெல்ட் வேண்டாம்! கராத்தே கட்டாவுக்கும் ஒரு வரிசை உண்டு

உங்கள் பிள்ளை கராத்தே வகுப்புக்குப் போகிறானா? அல்லது போகிறாளா? ‘இப்ப எந்த பெல்ட்?’ என்று நூறு தடவை கேட்டிருப்பீர்கள். ‘இப்ப எந்தக் கட்டா சொல்லிக் கொடுக்கறாங்க? அதுக்கு முன்னால எது முடிஞ்சுது?’ என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருக்க மாட்டீர்கள். அது மாஸ்டர் சமாசாரம், நமக்கெதற்கு என்று இருந்திருப்பீர்கள். ஆனால், பிள்ளையின் முழங்காலும் குதிகாலும் இடுப்பும் நன்றாக இருக்குமா, இல்லை வலி வந்து வைத்தியரைத் தேடுமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

புதுச்சேரி நகரத்தில் மட்டும்தான் கராத்தே என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில்கூட வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளைப் பார்க்கலாம். பள்ளிக்கூட மைதானம், கல்யாண மண்டபம், மொட்டை மாடி என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் வகுப்பு நடக்கிறது. பெண் குழந்தைகளும் நிறையச் சேருகிறார்கள். நல்ல விஷயம்தான். டி.வி.யும் செல்போனும் பிடித்து உட்கார வைத்திருக்கிற பிள்ளைகள் எழுந்து கை காலை நீட்டினாலே பாதி நோய் போய்விடும்.

ஆனால், என்னிடம் வருகிற பெற்றோர் சிலர் பேசுவதைக் கேளுங்கள். “டாக்டர், அடுத்த மாசம் பெல்ட் டெஸ்ட். முட்டி வலிக்குதுன்றான். ஏதாவது ஒரு தைலம் குடுங்க. டெஸ்ட் முடியற வரைக்கும் தாங்கினா போதும்!”

தைலம் கொடுப்பது எனக்குச் சிரமமில்லை. ஆனால் தைலம் தடவாததால் வந்த வலியா அது? இல்லையே! தகாத நேரத்தில் தகாத பாடத்தைச் செய்ததால் வந்த வலி. அதற்கு மருந்து என் அலமாரியில் பாதி, மாஸ்டரிடம் மீதி.

கட்டா என்றால் என்ன?

தடுப்பு, குத்து, உதை, திரும்புதல், நிற்கும் நிலை... இவற்றை ஒரு ஒழுங்கில் கோத்து, எதிரே ஆள் இல்லாமலே செய்து காட்டுகிற பயிற்சிதான் கட்டா. பாட்டு கிளாஸுக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு இது உடனே புரியும். முதல் நாளே கீர்த்தனை சொல்லிக் கொடுப்பார்களா? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஏறி, அப்புறம்தான் கீர்த்தனை. புரந்தரதாசர் வகுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அந்த வரிசை நானூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. ஏன்? குரல் நாண் அப்படித்தான் பழகும் என்பதால்.

கராத்தேயில் பழகுவது குரல் நாண் அல்ல. எலும்பு, மூட்டு, தசைநார், மூச்சு. அவற்றுக்கும் சரளி வரிசை வேண்டாமா?

பிள்ளைகளுக்காகவே பிறந்த பாடங்கள்

கராத்தே பிறந்த ஊர் ஜப்பானின் தெற்கே இருக்கிற ஒகினாவா தீவு. அந்தக் காலத்தில் வீட்டுக் கொல்லையில், இரவில், நாலைந்து பேருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கற்றவர்கள் வாலிபர்கள். ஒரு கட்டாவுக்கு மூன்று வருஷம் என்பது கணக்கு. நவீன கராத்தேயின் தந்தை என்று சொல்லப்படும் ஃபுனகோஷி கிச்சின், தெக்கி என்கிற மூன்று கட்டாக்களுக்காக மட்டுமே பத்து வருஷம் செலவிட்டதாக எழுதியிருக்கிறார். ஆமாம், மூன்று கட்டா, பத்து வருஷம்!

அவருடைய ஆசான்களில் ஒருவர் இட்டோசு ஆங்கோ. 1901-ஆம் வருஷ வாக்கில் இவர்தான் கராத்தேயை ஒகினாவா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவருக்கு ஒரு சிக்கல். எதிரே நிற்பது வாலிபர்கள் அல்ல, பள்ளிப் பிள்ளைகள். பழைய கட்டாக்களோ நீளமானவை, கடினமானவை. இட்டோசு என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளை அதட்டிப் பழைய பாடத்துக்குள் திணிக்கவில்லை. பெரிய கட்டாக்களில் இருந்த அசைவுகளைப் பிரித்து, ‘பினான்’ என்ற பெயரில் ஐந்து சின்னக் கட்டாக்களாகத் தொகுத்தார். சாதத்தைப் பிசைந்து, சின்ன உருண்டையாக உருட்டி ஊட்டுகிற அம்மா மாதிரி!

கோஜு ரியு என்ற இன்னொரு பிரிவிலும் இதே கதைதான். அங்கே பழைய முறைப்படி முதலில் ‘சான்சின்’ என்ற ஒரே கட்டாவை வருஷக்கணக்கில் செய்ய வைத்தார்கள். நிற்கும் நிலையும் மூச்சும் அதில்தான் அடங்கியிருக்கின்றன. பார்த்தால் சுலபம், செய்தால் உடம்பு நடுங்கும். அந்தப் பிரிவை நிறுவிய மியாகி சோஜுன், மாணவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று 1940-இல் ‘கெகிசாய்’ என்ற இரண்டு புதுக் கட்டாக்களை உருவாக்கினார்.

கவனியுங்கள். இரண்டு பெரிய ஆசான்கள். இருவருமே பாடத்தைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றினார்களே ஒழிய, பிள்ளையைப் பாடத்துக்கு ஏற்ப வளைக்கவில்லை.

ஒன்றும் இரண்டும் இடம் மாறிய கதை

இன்னும் சுவாரசியமான ஒரு சங்கதி. இட்டோசு வைத்த ஐந்தில், முதல் எண் கொண்ட கட்டாவைவிட இரண்டாம் எண் கொண்டது எளிது! ஃபுனகோஷி 1922-இல் டோக்கியோவுக்குப் போய்ப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். எது பிள்ளைக்கு முதலில் ஏறும் என்று தெரிந்தவர். பெயரை ‘ஹெய்யான்’ என்று மாற்றினார்; கூடவே ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். எளியது முன்னால் வந்தது.

வேறு சில பிரிவுகளில் பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால் சொல்லிக் கொடுக்கும்போது இரண்டாவதை முதலில் கொடுத்து, அப்புறம்தான் முதலாவதுக்கு வருகிறார்கள். பெயர் எப்படியிருந்தால் என்ன, எளியது முதலில் என்ற நியாயத்தை யாரும் மீறவில்லை.

இதிலும் பிள்ளைகள் திணறக்கூடாது என்று, ஹெய்யானுக்கும் முன்னால் ‘தைக்கியோக்கு’ என்று இன்னும் எளிய படி ஒன்றை வைத்தார்கள். ஒரு தடுப்பு, ஒரு குத்து, திரும்பு. அவ்வளவுதான்.

ஷோட்டோகான் பிரிவின் வரிசையை ஒரு வைத்தியன் கண்ணோடு பாருங்கள். ஹெய்யான் முதல் கட்டாவில் 21 அசைவுகள். அதில் ஒரு உதைகூடக் கிடையாது! பெரும்பாலும் முன்னங்காலை மடித்து, பின்னங்காலை நீட்டி நிற்கிற நிலை. கடைசியில் மட்டும் எடையைப் பின்னங்காலுக்கு மாற்றுகிற நிலை. இரண்டாவது கட்டாவில்தான் உதை வருகிறது. அதாவது, இரண்டு காலில் நிற்கத் தெரிந்த பிறகுதான் ஒரு காலில் நிற்கச் சொல்கிறார்கள். மூன்றாவதில் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி, தொடையை அகட்டி நிற்கிற நிலை. நான்காவதில் மெதுவும் வேகமும் மாறி மாறி வரும், உதையும் அதிகம். ஐந்தாவதில்தான் ஒரு தாவல்.

தாவி, அந்தரத்திலேயே முழுச் சுற்றுச் சுற்றி, தரையில் விழுந்து இறங்குகிற ‘உன்சு’ போன்ற கட்டாக்கள் கறுப்பு பெல்ட்டுக்கு அப்புறம் வருபவை. ஏன் அவ்வளவு தள்ளி வைத்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

நம்ம ஊர் குத்துவரிசை

இதெல்லாம் ஜப்பான் சரக்கு, நமக்குப் புதுசு என்று நினைக்காதீர்கள். நம் ஆசான்கள் வைத்த பெயரிலேயே விஷயம் இருக்கிறது: குத்துவரிசை. ‘வரிசை’ என்பதைப் பெயரிலேயே சேர்த்து வைத்தவர்கள் நாம்!

சிலம்பம் கற்கப் போனால், எடுத்தவுடன் கம்பைச் சுழற்றச் சொல்ல மாட்டார் நல்ல ஆசான். முதலில் வணக்கம். அப்புறம் வெறுங்கையோடு காலடி. எந்தக் காலை எங்கே வைப்பது, எடையை எப்படி மாற்றுவது, எப்படித் திரும்புவது... இது வாரக்கணக்கில் நடக்கும். பிள்ளைக்குச் சலிப்புத் தட்டும். “எப்பண்ணே கம்பு குடுப்பீங்க?” என்று கேட்கும். கால் படிந்த பிறகுதான் கம்பு. அதுவும் ஒரு கை வீச்சு, மறு கை வீச்சு, பிறகு காலடியோடு சேர்த்த வீச்சு. அதற்கும் பிறகே எதிரே ஆளை நிறுத்துவது. ஆசானுக்கு ஆசான் பெயரும் எண்ணிக்கையும் மாறும். ‘கால் முதலில், கம்பு பிறகு’ என்பது மட்டும் மாறாது.

தென் மாவட்டங்களில் அடிமுறை கற்பிக்கும் ஆசான்கள் வர்மத்தைக் கடைசிக்குத்தான் வைப்பார்கள். 108 வர்மங்கள், அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று எங்கள் பாடத்தில் படிப்போம். எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்பதைக் கோபக்கார இளைஞனுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதனால் குணம் பார்த்து, பல வருஷம் பொறுத்துப் பார்த்து, அதுவும் அந்த வர்மத்தை இளக்குகிற மருத்துவத்தோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள். வரிசையில் உடம்பு மட்டும் இல்லை, மனசும் இருக்கிறது!

பாகூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று கிராமங்கள் தானம் தரப்பட்டதை பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. முறையான கல்விக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நிலம் எழுதி வைத்த ஊர் இது. படிப்படியாகக் கற்பது என்பதை யாரும் நமக்கு வெளியூரிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

வரிசையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

நல்ல பயிற்சிக்கூடங்கள் ஒரு கட்டாவை எந்த இடத்தில் வைப்பது என்று தீர்மானிக்கும்போது இந்த ஐந்தையும் பார்க்கும்.

ஒன்று, நிற்கும் நிலை. உயரமாக நிற்பது முதலில். தாழ்ந்து, தொடை நடுங்க நிற்பது பிறகு.

இரண்டு, ஏற்கெனவே தெரிந்தது எவ்வளவு? புதுக் கட்டாவில் பெரும்பகுதி பழகிய அசைவாக இருக்க வேண்டும். கொஞ்சம் மட்டுமே புதிது. எல்லாமே புதிதானால் பிள்ளை மனப்பாடம் செய்யும், உடம்பு கற்றுக்கொள்ளாது.

மூன்று, நீளமும் ஞாபகமும். 21 அசைவில் ஆரம்பித்தவர்கள் பிரவுன் பெல்ட் கட்டத்தில் 65 அசைவு கொண்ட ‘கான்கு தை’க்கு வருவார்கள். ஏழு வயசுப் பிள்ளைக்கு 65 அசைவைக் கொடுத்தால் அடுத்தது என்ன என்ற பயத்திலேயே காலைத் தப்பாக வைக்கும்.

நான்கு, மூச்சு. இயல்பாக மூச்சு விட்டுச் செய்பவை முன்னால். வயிற்றை இறுக்கி, மூச்சை அழுத்தி விடுகிறவை மேற்பார்வையோடு.

ஐந்து, தாவலும் சுழற்சியும். இவை எப்போதும் கடைசி.

பிரிவுக்குப் பிரிவு கட்டாக்களின் எண்ணிக்கை வேறுபடும். ஷோட்டோகானில் 26 என்று கணக்கு. ஷிட்டோ ரியுவை நிறுவிய மாபுனி கென்வா இரண்டு பெரிய மரபுகளிலும் கற்றவர் என்பதால் அங்கே நாற்பதைத் தாண்டும். எண்ணிக்கை அதிகமான பள்ளி உசத்தி, குறைவான பள்ளி மட்டம் என்று எடை போடாதீர்கள். வீட்டில் எத்தனை பாத்திரம் இருக்கிறது என்பதா முக்கியம்? எதில் எதை எப்போது சமைக்கிறோம் என்பதுதானே!

மெடலுக்காக ஒரு கட்டா

வரிசை எங்கே உடைகிறது? போட்டியில்!

டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 ஆகஸ்டில் நடந்த அந்தப் போட்டியை டி.வி.யில் பார்த்தவர்கள் பலர். (2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை.) உலக கராத்தே சம்மேளனத்தின் பட்டியலில் நூற்றுக்கு மேல் கட்டாக்கள் உண்டு, வீரர் தனக்குப் பிடித்ததை எடுத்துச் செய்யலாம். ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடாது என்பதால் பல கட்டாக்கள் கைவசம் வேண்டும். பார்க்கிறவர்களை அசத்துகிற கட்டாவுக்கு மவுசு ஜாஸ்தி.

இதைப் பார்த்துவிட்டு உள்ளூர்ப் போட்டியிலும் ஆரஞ்சு பெல்ட் பிள்ளைக்கு, ஐந்தாறு படி தாண்டி இருக்கிற தாவல் கட்டாவைச் சொல்லிக் கொடுக்கிறார்கள் சில இடங்களில். கோப்பை வருகிறது. பேப்பரில் படம் வருகிறது. கூடவே முட்டி வலியும் வருகிறது.

பாகூர் பக்கத்திலிருந்து ஒரு பதினோரு வயசுப் பெண் குழந்தையை அழைத்து வந்தார் அவள் அப்பா. முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு துருத்தின இடத்தில் வீக்கம். தொட்டாலே முகம் சுருங்கியது. மாடிப்படி இறங்க முடியவில்லை. விசாரித்தால், போட்டிக்காக இரண்டு மாசமாக சிமெண்டுத் தரையில் தினமும் முப்பது, நாற்பது தடவை தாவல் பயிற்சி! கேட்டேன், “பாப்பா, உனக்கு முதல் கட்டா செய்து காட்டத் தெரியுமா?” செய்து காட்டினாள். பாதியில் நின்றுவிட்டாள். “மறந்துட்டேன் டாக்டர்... இப்ப அது செய்யறதில்லை” என்றாள்.

அந்த அப்பாவுக்கு நான் சொன்னதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. “போட்டிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு சார். பணம் கட்டியாச்சு” என்றார். “பணம் அடுத்த வருஷமும் கட்டலாம். வளர்கிற எலும்புக்கு அடுத்த வருஷம் கிடையாதே” என்றேன். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, எலும்பு டாக்டரிடமும் காட்டச் சொன்னேன். தாவலும் ஆழமாக முட்டி மடக்குவதும் நிறுத்தம். அரை மனசோடுதான் ஒத்துக்கொண்டார். வலி அடங்க இரண்டு மாசத்துக்கு மேலானது. அதற்குப் பிறகு வேறு ஒரு மாஸ்டர் அவளை முதல் கட்டாவிலிருந்து, உயரமான நிலையில் நிற்க வைத்து ஆரம்பித்தார். பெல்ட் தாமதமானது உண்மை. ஆனால் அவள் இன்றைக்கும் கராத்தே செய்கிறாள், அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இது ஏன் நடக்கிறது? வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடு இருக்கிறது. பெரியவர்களின் எலும்பைவிட அது மென்மையானது. 10 முதல் 15 வயசு வரை எலும்பு சட்டென்று நீளும். தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் இறுகி, ஒட்டியிருக்கும் இடத்தை இழுக்கும். அந்த நேரத்தில் ஓயாத தாவலும், தரையை மிதிப்பதும், ஆழமான நிலையும் சேர்ந்தால் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வருகிறது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். ஓய்வு கொடுக்காமல் தைலம் மட்டும் தடவினால் இழுத்துக்கொண்டே போகும்.

ஒரு விஷயத்தை யோசியுங்கள். அந்த ஒலிம்பிக்கில் கட்டாவுக்குத் தங்கம் வென்ற ஒகினாவாக்காரர் கியூனா ரியோவுக்கு அப்போது வயசு 31. பெண்கள் பிரிவில் வென்ற ஸ்பெயின் நாட்டு சாண்ட்ரா சான்செஸுக்கு 39! முப்பத்தொன்பது வயசில் உச்சிக்குப் போகிற கலையில், பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன அவசரம்?

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கிற தேர். எல்லார் கண்ணும் வடத்தின் மேலேயே இருக்கும். ஆனால் சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் என்ன ஆகும்? நல்ல மாஸ்டர் வடம் இழுக்கவும் வேண்டும், முட்டுக்கட்டை போடவும் வேண்டும். நாம் ‘இழு இழு’ என்று மட்டும் சத்தம் போடக்கூடாது.

உடம்பு வாகு பார்க்க வேண்டாமா?

சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. கட்டா வரிசை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்கலாம். வேகம் ஒன்றாக இருக்க முடியாது.

வாத உடம்புப் பிள்ளை ஒல்லியாக, துறுதுறுவென்று இருக்கும். சட்டென்று கற்கும், சட்டென்று மறக்கும். மூட்டில் ‘டக் டக்’ சத்தம் வரும். இதற்குப் பழைய கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் மருந்து. எண்ணெய்க் குளியல் அவசியம்.

பித்த உடம்புப் பிள்ளைக்கு வியர்வையும் சூடும் கோபமும் அதிகம். ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இருக்கும். போட்டிக் கட்டாவுக்கு இதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பார்கள்! மெதுவான அசைவுள்ள கட்டாவை இதற்கு அதிகம் கொடுக்க வேண்டும்.

கப உடம்புப் பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும். மெதுவாகக் கற்கும், கற்றால் மறக்காது. ‘மந்தம்’ என்று திட்டாதீர்கள். உடம்பு எடை முட்டியில் இறங்கும் என்பதால் தாவலைத் தள்ளிப் போட வேண்டும். நீண்ட கட்டாவை இதமான வேகத்தில் செய்தால் எடையும் குறையும்.

சாப்பாடும் குளியலும்

பயிற்சிக்கு முன் வயிறு முட்டச் சாப்பாடு கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலை வகுப்பு என்றால் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சம்பழம் போதும். முடிந்ததும் நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுங்கள். கேழ்வரகுக் கூழும் நல்லது. பாக்கெட் குளிர்பானம் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது உளுந்து சேர்ந்த பலகாரம். வயசுக்கு வந்த பெண் குழந்தைகளுக்கு நல்லெண்ணெய், வெல்லம் சேர்த்த உளுந்தங்களி அருமையான உணவு. பிரண்டையை நெய்யில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையலாகக் கொடுக்கலாம். சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும், ஜாக்கிரதை.

வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். அன்றைக்குக் கடுமையான பயிற்சி வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தால் எண்ணெய்க் குளியலும் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்குள் வகுப்பை முடித்துவிடச் சொல்லுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்க விட மாட்டேன் என்கிற மாஸ்டர் இருந்தால், அந்த வகுப்பே வேண்டாம்.

வலி வந்தால் என்ன செய்வது?

கால் பிசகினால், முதல் இரண்டு நாள் தேய்க்கவும் கூடாது, சுடுஒத்தடமும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு, காலை உயர்த்தி வைப்பது போதும். மூன்றாம் நாளிலிருந்து நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் வற்றாவிட்டால் மூசாம்பரப் பற்று; உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம் போன்றவற்றைச் சித்த மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். தோல் கிழிந்த இடத்தில் எதையும் பூசாதீர்கள்.

காலை ஊன்றவே முடியவில்லை, மூட்டு கோணலாகத் தெரிகிறது, இரவில் தூக்கத்திலும் வலிக்கிறது, வலியோடு காய்ச்சல் இருக்கிறது... இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். ‘சுளுக்கு எடுக்கிறேன்’ என்று யாராவது இழுக்க விடாதீர்கள். தொக்கணம் ஒரு பெரிய சாஸ்திரம். உடைந்த எலும்பின் மேல் செய்கிற காரியம் அல்ல.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளையைக் கொண்டுவிட வந்த அப்பாக்கள், அம்மாக்கள் சிலரும் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சபாஷ்! ஆனால் ரத்தக்கொதிப்பு, இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் சான்சின் மாதிரி உடம்பை இறுக்கி மூச்சை அழுத்துகிற கட்டாவைத் தொடக்கூடாது. மூச்சைப் பிடித்து முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஆழ்ந்த நிலையும் வேண்டாம். உயரமாக நின்று, மூச்சை இயல்பாக விட்டு, முதல் இரண்டு கட்டாக்களைச் செய்தாலே நடைப்பயிற்சியோடு நிதானமும் ஞாபகசக்தியும் சேர்ந்து கிடைக்கும்.

மாஸ்டரிடம் கேளுங்கள்

மரியாதையாக, தனியாகக் கேளுங்கள். நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார், ‘இவ்வளவு அக்கறையா!’ என்று சந்தோஷப்படுவார்.

1. என் பிள்ளைக்கு இப்போது எந்தக் கட்டா? அதை ஏன் இந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்?

2. புதுசு வந்த பிறகும் பழைய கட்டாவை வகுப்பில் செய்கிறார்களா?

3. வலி என்று சொன்னால் மாற்றுப் பயிற்சி உண்டா? உட்கார வைத்துவிடுவீர்களா?

4. தாவல் எந்தக் கட்டத்தில் ஆரம்பம்? தரை சிமெண்டா, மண்ணா, விரிப்பா?

5. தயாராகாத பிள்ளையை பெல்ட் டெஸ்ட்டிலிருந்து நிறுத்தி வைத்தது உண்டா?

ஐந்தாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்கிற மாஸ்டரை விட்டுவிடாதீர்கள். டெஸ்ட் கட்டணத்தை விட்டுக்கொடுத்து உங்கள் பிள்ளையின் முட்டியைக் காப்பாற்றுகிறவர் அவர்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை பச்சை பெல்ட் வாங்கிட்டானாமே!’ என்ற பேச்சை எடுக்காதீர்கள். அதற்குப் பதில் சாயங்காலம், “எங்க, உன்னோட முதல் கட்டாவைச் செய்து காட்டு பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். தடுமாறாமல், மூச்சிரைக்காமல், முகம் சுளிக்காமல் செய்து முடித்தால் கைதட்டுங்கள். அடுத்த கட்டாவுக்கு உங்கள் பிள்ளை தயார் என்று அர்த்தம்.